வலது கையை மட்டும் கடிக்கிற கொசு

கதவச் சாத்துங்க தம்பி. மொதல்ல அந்த வெளிக்கதவச் சாத்துங்க, அப்பறம் பேசலாம். இப்ப அப்படியே நில்லுங்க. கை ரெண்டையும் கொஞ்சம் தூக்குங்க. பயப்படாதீங்க, இந்தக் கொசு பேட்ட உங்களச் சுத்தி ஒருக்கா வீசிக்கறன், அவ்வளவுதான். முதுகுல ஒக்காந்து உள்ள வர்றதுதானுங்க பாதி. பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுங்களா? ஒண்ணக் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, பெத்த மகளே வந்தாலும் இங்க இதுதான் முறை. இப்ப இந்த உள்வலைக் கதவ விலக்கிட்டு வாங்க. வந்ததும் அதையும் சாத்திருங்க.

ஒக்காருங்க. அந்தப் படுக்கையில வேண்டாமுங்க, இந்தப் பக்கம் ஒக்காருங்க. அது எங்கூட்டுக்காரி வசந்தாமணியோடது. அவ இப்ப இங்க இல்லீங்க. வெள்ளகோவில்ல தங்கச்சி வூட்டுல இருக்கறா. பதினெட்டு நாளாச்சு. இந்த வலையெல்லாம் மாத்திட்டா வந்துருவா. அதுக்குத்தானுங்க உங்களக் கூப்புட்டதே.

அளவு அப்பறம் எடுத்துக்கலாமுங்க, டேப்பக் கீழ வைங்க. நாலு ஜன்னலு, ஒரு கதவு, மேல கூரையில காத்துக்கு ஒரு ஓட்டை, மொத்தம் ஆறு எடம். ஆறுக்கும் ஸ்டீல் கம்பி வலை, ஸ்குரூ போட்டு முறுக்கோணும். பிளேடு வெச்சாலும் அறுபடக்கூடாது. நூல் வலை எனக்கு வேண்டவே வேண்டாமுங்க. அதுல இருந்து வந்தவன் நான்.

நீங்க வலை அடிக்கிறவரு, நான் வலையில ஓட்டை பாக்கறவன். ரெண்டு பேருக்கும் சோறு போடறது கொசுதான். இந்தக் கரூர்ல கொசு வலைக் கம்பெனி ஒண்ணுல முப்பத்தொரு வருசம் செக்கிங்ல இருந்தனுங்க. கண்ணாடி மேசைக்கு அடியில டியூப்லைட் எரியும், மேல வலைய இழுத்து விடுவாங்க, ஓட்டை எங்கன்னு பாத்து அந்த எடத்துல ஒரு செவப்பு நூல் கட்டோணும். கட்டறதோட சரி. தைக்கறதுக்கு வேற ஆளு. கண்ணு சோந்து போச்சுன்னா உள்ளங்கைய வலை மேல அப்படியே ஓட்டுவன். ஒரு இழை அறுந்திருந்தாலும் கையில தட்டும். கண்ணுக்குத் தப்பறது உங்க கைக்குத் தப்பாதுங்கன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. வசந்தாவும் வலைக்காரிதான். கம்பெனியில இருந்து வூட்டுக்கு வலை வரும், அவ மெசின்ல ஓரம் அடிச்சுக் குடுப்பா. வருசமெல்லாம் அந்த உள்ரூம்புலயே ஒக்காந்து அடிச்சா. ஒரு நாளு சலிச்சுக்கிட்டதில்லீங்க.

இப்படிப்பட்ட வூட்டுல டெங்கு வந்துச்சு. எட்டு வருசத்துக்கு முன்னால, அவளுக்குத்தான். பதினோரு நாளு ஆஸ்பத்திரி. பிளேட்லெட் எறங்குது எறங்குதுன்னு காத்தாலயும் பொழுதோடயும் சீட்டுல எழுதிக் காட்டுவாங்க. நான் கட்டலுக்குப் பக்கத்துலயே கீழ ஒக்காந்திருப்பன். கம்பெனியில எல்லாரும் சிரிச்சாங்க, வலைக்காரன் பொண்டாட்டியக் கொசு கடிச்சுப் போட்டுதுன்னு. எனக்குச் சிரிப்பு வருங்களா? அவ போயிருவாளோன்னு இருந்துச்சுங்க எனக்கு. ஒரு நாளு, ஊசி குத்திக் குத்திக் கன்னிப்போன அவ கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னன், இனி ஒரு கொசு உன்னத் தொட உடமாட்டன்னு. அவ தலைய ஆட்டுனா. காய்ச்சல்ல ஆட்டுனாளோ என்னமோ, ஆட்டுனா.

நான் ரிட்டயர் ஆனதும் எங்கயாச்சும் போலாமுங்கன்னா. அவ அதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லீங்க. கடலு பாக்கோணும், பொழுதெறங்கற நேரத்துல மணல்ல ஒக்காந்திருக்கோணும், அவ்வளவு போதும்னா. லாட்ஜுல ரூமு போட்டா அங்க வலை எப்படி இருக்குமோ, யாரு கண்டா. அதனால பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில சொல்லி இந்த வண்டியச் செஞ்சன். ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற வூடு. பதினாலடிக்கு ஆறரை அடி. இந்தப் பக்கம் ஒரு படுக்கை, அந்தப் பக்கம் ஒரு படுக்கை, அடுப்பு, மூலையில கக்கூஸு. எதுக்கும் வெளிய போக வேண்டியதில்ல. பட்டறைக்காரன் கேக்கறான், ஏனுங்க இத்தன சின்ன ஜன்னலா வெச்சா மூச்சு முட்டாதுங்களான்னு. கொசு பெருசா மூச்சு பெருசான்னு கேட்டன். 

வலையெல்லாம் வசந்தாவே அளந்து, வெட்டி, வூட்டு மெசின்ல அடிச்சா. அவ அடிக்க அடிக்க நான் பல்பு புடிச்சுப் பாத்து, கையோட்டி, பாஸ் பண்ணுனன். ஒரு செவப்பு நூலு கட்ட எடமில்லீங்க, அத்தன சுத்தம். அப்பறம் வூட்ட ஒரு வருசத்துக்கு வாடகைக்கு விட்டுட்டுக் கெளம்பிட்டம். அதனாலதான் இப்ப எங்க வூட்டுக்குப் பின்னால எங்க காலி எடத்துலயே நான் இப்படிக் கெடக்கறன். முன்னால வாடகைக்காரங்க தாளிக்கற வாசம் இங்க வரைக்கும் வரும்.

கார்த்திகையில கெளம்புனம். மொத எடம் மாயனூர் கதவணை, ஆத்தோரம். அஞ்சு மணிக்கு அவ சேலைய ஒதறிக் கட்டிக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு எறங்கப் போறா. மணி அஞ்சரை ஆகப் போகுதுன்னு நான் கதவுல நின்னுக்கிட்டன். சட்டம் சட்டம்தானுங்களே. அஞ்சரைக்குச் சாத்துனா வெள்ளென ஏழுக்குத்தான் தொறக்கறது. அவ திரும்பி வந்து ஜன்னலோரமாப் படுத்துக்கிட்டுத் தண்ணியப் பாத்தா. நல்லாத் தெரியுமுங்க. வலைக்குள்ளருந்து பாத்தாலும் ஆறு ஆறுதானுங்க.

அப்பறம் வேதாரண்யத்துக்குப் பக்கம் ஒரு கடக்கரை. தோப்புக்காரரு ஒருத்தரு எடம் குடுத்தாரு. ஜன்னலுக்கு நூறடியில கடலு. மணல்ல ஒக்காரோணும்னியே, வா வசந்தான்னு நானே கூப்புட்டன். நான் மனுசன் இல்லீங்களா? நாலு மூங்கில நட்டு, கல்யாணக் கட்டலுக்குக் கட்டற பெரிய வலையச் சுத்திக் கட்டி, கீழ மணலு வெச்சு அமுக்கி, நடுவுல சேரு போட்டு அவள ஒக்கார வெச்சன். அரை மணி நேரங்கூட ஆகல, மீன்காரப் பொம்பளைங்க நாலு பேரு சுத்தி நிக்கறாங்க. ஒருத்தி செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் கையெடுத்துக் கும்புடறா. வெள்ள வலைக்குள்ள பூ வெச்சுக்கிட்டு ஒரு அம்மா அசையாம ஒக்காந்திருந்தா அவங்கதான் என்ன நெனப்பாங்க. கடலுக்குப் போன எம்மவன் எப்பத் திரும்புவான் தாயின்னு கேக்கறா. எனக்கே ஒண்ணும் தெரியலையே கண்ணுன்னு வசந்தா சொன்னா. அந்தப் பொம்பள அதையே குறியா எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்பறம் வசந்தா அந்த வலைக்கூண்டுக்குள்ள போக மாட்டேன்னுட்டா.

அங்கதானுங்க சுகாதாரத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, தோப்புத் தொட்டியில மருந்து ஊத்தறதுக்கு. நான் வண்டியப் பெருமையாக் காட்டுனன். எல்லாத்தையும் பாத்துட்டு, ஐயா, டெங்குக் கொசு பகல்லதான் கடிக்கும், உங்களுக்குத் தெரியாதுங்களான்னு கேட்டுச்சு.  முப்பத்தொரு வருசம் தம்பி. கட்டலுக்குக் கட்டற வலைக்கு ராத்திரியிலதான வேல, அதனால எனக்கு ராத்திரிக் கொசுவ மட்டுந்தான் தெரிஞ்சிருக்குது. அன்னைலருந்து பகல்லயும் சாத்திட்டன்.

வேற என்னங்க பண்றது? சொல்லுங்க. அப்ப எப்பத்தானுங்க தொறப்பீங்கன்னு கேட்டா. தண்ணி புடிக்க நான் போறன், பாலு வாங்க நான் போறன், உனக்கு வெளிய என்ன வேலைன்னன். ராணியாட்டம் வெச்சிருந்தனுங்க. பதினாலடிக்குள்ள அவ கால் நோகாம இருந்தா. ஒரு நாளு சொல்றா, எனக்குக் கொசு கடிச்சாப் பரவால்லீங்கன்னு. எம்மனசு நோகக்கூடாதுன்னு அப்படியெல்லாம் சொல்ற பொம்பளைங்க அவ.

பகல்லயும் சாத்துன அஞ்சாம் நாளு காத்தால பாக்கறன், அவ வலது கையில, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும், தடிப்புத் தடிப்பா. எண்ணுனன், பதினாலு. எடது கையில ஒண்ணில்ல. மூஞ்சியில ஒண்ணில்ல, காலுல ஒண்ணில்ல. எதுத்தாப்புல படுத்திருக்கற என் மேல ஒண்ணில்ல. வண்டிக்குள்ள அங்குலம் அங்குலமாத் தேடுனன், கொசுவே இல்லீங்க. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். அதென்ன கொசுவுங்க, ஒரு பொம்பளையோட வலது கைய மட்டும் கடிக்கறது? அவளக் கேட்டன். தெரியலீங்களேன்னா.

மெத்தையப் பிரிச்சன். சோப்ப மாத்துனன். பூ வெக்காதன்னன். சாப்புட்ட வாசத்துக்கு வருமோ, வலது கைதானன்னு, சோத்தக் கரண்டியில திங்கச் சொன்னன். தின்னா பாவம். கடைசியா என் பழைய காலுறைய நுனி வெட்டி அவ கைக்கு மாட்டிவிட்டன். அதப் பாத்து அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தா, அப்பறம் பாத்தா கண்ணுல தண்ணி. அரிப்புத் தாங்கலையாட்டம் இருக்குதுன்னு களிம்பு போட்டுவிட்டன்.

நாலு ஜன்னலையும் மறுக்காப் பாத்தன். பல்பு புடிச்சுப் பாத்தன், கையோட்டிப் பாத்தன். ஓட்டை இல்லீங்க. அப்பறம் ஒண்ணு பண்ணுனன். தூங்கறப்ப அந்தக் கைய நானே புடிச்சுக்கிட்டன். இந்தப் படுக்கையில இருந்து அந்தப் படுக்கைக்கு எட்டுமுங்க. மூணு நாளு, விடாம. மூணு நாளும் ஒரு கடி இல்ல. நான் புடிச்சாக் கொசு அண்டாதுன்னு எனக்கு ஒரே பெருமை. அவதான் சரியாத் தூங்கலையாட்டம், கண்ணு செவந்திருந்துது. அதுக்கு மறுநாளு வெள்ளகோவில் போகோணும்னா.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நடுவுல எதையும் விடலீங்க.

நாந்தான் கொண்டுபோயி விட்டன்.  அங்க மொட்டமாடியில பாயப் போட்டுப் படுத்துக்கறாளாமா. வலையில்லாம. எங்க சகலை போன்ல சொல்லிச் சிரிக்கறாரு. மூட்டப்பூச்சிக்குப் பயந்து வூட்டக் கொளுத்துனவன் கதையால்ல இருக்குது உங்க கதைன்னாரு. போன வச்சுட்டன். இன்னைக்குக் காத்தால நானே அவளக் கூப்புட்டன். ஆளு வரச் சொல்லியிருக்கன், ஸ்டீல் வலை போடப் போறன், இனி எந்தக் கொசுவும் உன் கையத் தொடாது, வந்துருன்னன்.  அப்பறம் சொல்றா.

"ஏனுங்க, பொழுதெறங்கற நேரத்துல ரெண்டு கதவையும் தொறந்து போட்டுட்டு, ஒரு மணி நேரம் அதுக்குள்ள ஒக்காந்து பாருங்க. ஒக்காந்துட்டு என்னக் கூப்புடுங்க, வர்றதப் பத்திப் பேசலாம். அது முடியாதுன்னா இனிமே கூப்புடாதீங்க."

கேட்டீங்களா? கொசு கடிச்ச கடுப்புல பேசறா. கம்பி வலையக் கண்ணுல பாத்தான்னா மனசு மாறிருவா. சரி, எந்திரிங்க, நேரமாச்சு, அளவு எடுங்க. இந்த ஜன்னல்ல ஆரம்பிங்க, அவ படுக்கைக்கு மேல இருக்கறது. தெரையத் தள்ளுங்க. கீழ ஓரத்துல செவப்பு நூலு கட்டிருக்கன், தெரியுதுங்களா? ஊருக்கு வந்தப்பறம் நாந்தான் கட்டுனன். அதுக்குப் பக்கத்துல தொட்டுப் பாருங்க. ஓரத் தையலாட்டம் இருக்குதா? நானும் அப்படித்தான் நெனச்சன். நகத்த விட்டு இழுங்க. டப்பு டப்புன்னு விடுதுங்களா? ஆறு பிரஸ் பட்டன். ரவிக்கைக்கு வெக்கறது. மூணு பக்கம் வெட்டி, வெட்டுன எடம் பிரியாம நாடா வெச்சு மடிச்சு அடிச்சிருக்கா. ஒரு சாண் அகலம். ஒரு கை போகும், வேற ஒண்ணும் போகாது.

ஆமாங்க. கைய வெளிய நீட்டிக்கிட்டு இருந்திருக்கறா.

எப்படிக் கண்டுபுடிச்சன்னு கேக்கறீங்க. சரி. விட்டுட்டன்தான், சொல்றன். அவ வெள்ளகோவில் போகோணும்னாளே, அன்னைக்குத்தான். காத்தால வாங்குன பாலு திரிஞ்சு போச்சுன்னு பொழுதோட மறுக்காப் போயிட்டு வந்தன். எப்பவும் ரோட்டு வழியா வர்றவன், தூறலா இருக்குதேன்னு குறுக்கால கடலோரமா வந்தன். பாத்தா, வண்டியில இருந்து ஒரு கை வெளிய நீண்டிருக்குது. முழங்கை வரைக்கும். உள்ளங்கை மேல பாத்தாப்புல. தூறல் அதுல விழுகுது. வெரலு அஞ்சும் மெதுவா அசையுது, ஓடற தண்ணியில வெச்சிருக்கறாப்புல. நான் கிட்டப் போயி நின்னது அவளுக்குத் தெரியாது. அப்ப மணிக்கட்டுல ஒண்ணு ஒக்காந்துச்சு தம்பி. காலெல்லாம் வெள்ள வெள்ளயாக் கோடு. அந்தச் சனியனேதான், டெங்குக் கொசு. ஓங்கி அடிச்சன்.

கொசுவத்தானுங்க அடிச்சன்.

கண்ணாடி வளையலு ஒண்ணு ஒடஞ்சு போச்சு. உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, கை உள்ள போயிருச்சு. ஓடிப்போயி ரெண்டு கதவையும் தொறந்து, ரெண்டையும் சாத்திட்டுப் பாக்கறன், கைய மடியில வெச்சு ஒக்காந்திருக்கறா. கொசு செத்துருச்சு வசந்தான்னன். அதுதானுங்க எனக்கு வாயில வந்துச்சு. அவ என்னப் பாக்கல. "இந்தக் கை ஒண்ணுதானுங்க வெளிய இருந்துச்சு"ன்னா. அதுக்கப்பறந்தான் வெள்ளகோவில் போகோணும்னா. முப்பத்தாறு வருசத்துல நான் அவ மேல கை ஓங்குனதில்லீங்க. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. கொசு மேலதான் ஓங்குனன்.

என்ன கேட்டீங்க? இத எப்பத் தெச்சாங்கன்னா? அங்கதான் தெச்சிருப்பா, நான் பாலுக்குப் போறப்ப. இருங்க. இது மெசின் தையலு. வண்டியில ஏது மெசினு. வூட்டுலதான் இருக்குது. அப்படின்னா கெளம்பறதுக்கு முந்தி. கெளம்பறதுக்கு முந்தியே தெச்சிருக்கா. மாயனூருக்கு முந்தி, கடலுக்கு முந்தி. நான் சாத்துவன்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது தம்பி. கேட்டா விடமாட்டன்னும் தெரிஞ்சிருக்குது. அதுதான் கைக்கு மட்டும் போதும்னு அளவெடுத்து வெச்சிருக்கா. நாந்தானுங்க கையோட்டிப் பாஸ் பண்ணுனன். இந்தக் கையிதான். ஓட்டை பாக்கறவன் ஓட்டையத்தான தேடுவன். இது ஓட்டையில்லீங்களே, கதவுல்ல.

அந்தப் பட்டன மறுக்காப் போடாதீங்க. அப்படியே இருக்கட்டும்.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. வெளிய போயி இந்த ஜன்னலுக்கு நேரா நில்லுங்க. நான் கைய விடறன். மொதல்ல எது கண்ணுல படுதுன்னு சொல்லோணும், கையா கொசுவா. எனக்குச் சாதகமாச் சொல்ல வேண்டாம், நியாயமாச் சொல்லுங்க. போங்க.

வந்துட்டீங்களா? இதா விடறன். நல்லாப் போகுதுங்க. நாடா உறுத்தவே இல்ல, அத்தன பதவிசா அடிச்சிருக்கா. காத்து வருது. இத்தன காத்தா வெளிய? உள்ள ஒரு சொட்டு வர்றதில்லீங்களே. வாடகைக்காரங்க வூட்டு வேப்ப மரத்துக் காத்துங்க அது, நான் வெச்ச மரம். ஒக்காந்துருச்சு. மணிக்கட்டுல. எனக்கே தெரியுது. அடிக்காதீங்க தம்பி. வேண்டாம், அடிச்சுராதீங்க.

சொல்லுங்க, எது மொதல்ல தெரியுது?

ம். ஆமாங்க. யாருக்கும் கைதான் தெரியும்.

அளவு வேண்டாமுங்க. உங்களுக்குக் கஷ்டம் குடுத்துட்டன். உங்க டேப்பு இங்கயே கெடக்குது, சுத்திக்கிட்டு வராதீங்க, இந்தச் சின்னக் கதவு வழியாவே குடுத்தர்றன், புடிங்க. நீங்க போறப்ப ரெண்டு கதவையும் சாத்தலையாட்டம் இருக்குது. இல்ல இல்ல, சாத்த வேண்டாம். தொறந்தே கெடக்கட்டும். மணி இப்ப என்னங்க? ஆறா. ஏழு மணிக்கு அவளக் கூப்புடறன்.